தோற்றுப்போன ஒரு காலேஜ்!

ஒரு சின்ன குவிஸ். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரி யார்?

‘மயிலாப்பூர் வக்கீல் யாராவது இருப்பார்’ என்று நினைத்தால் முட்டை மார்க். கும்பகோணம் என்றாலும் முட்டை. தஞ்சாவூர், திருநெல்வேலி... ஊஹூம். கடலையே தாண்ட வேண்டும்.

பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். முதலாவது சி.வை. தாமோதரம்பிள்ளை. அடுத்தவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். இருவருமே படித்தது வட்டுக்கோட்டை என்கிற கிராமத்தில், வயலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே இருந்த ஒரு சின்னத் தனியார் காலேஜில்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இவர்கள் பரீட்சை எழுதியபோது அந்தக் காலேஜே இல்லை! 1855-இலேயே அதன் சொந்தக்காரர்கள் இழுத்து மூடிவிட்டார்கள். காரணம்? காலேஜ் தோற்றுப்போய்விட்டதாம்!

நான் பி.காம். முதலாளி ‘நஷ்டம்’ என்று எழுதி மூடிய பேரேட்டில் இவ்வளவு லாபம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கிளம்பிவிட்டேன்.

சென்னையில் சின்ன விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பலாலி. (தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு டவுன் பஸ்ஸில் அதைவிட அதிக நேரம் ஆகிறது.) அங்கிருந்து யாழ்ப்பாணம். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆட்டோ பிடித்தேன். அங்கே அதற்கு ‘ஓட்டோ’ என்று பெயர். எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. டிரைவரின் விசாரணை நம்மூர் மாதிரியேதான்.

“எங்க அண்ணை போகோணும்?”

“வட்டுக்கோட்டை. யாழ்ப்பாணக் கல்லூரி.”

“பிள்ளை அங்க படிக்குதோ?”

“இல்லீங்க. சும்மா பார்க்கத்தான்.”

“சும்மா பாக்கவோ?” ஓட்டோ ஒரு குலுங்கு குலுங்கியது. “ஏன், இந்தியாவில காலேஜ் இல்லையோ?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர். இரண்டு பக்கமும் பனை. நடுநடுவே வயல், வயலுக்கு நடுவே கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் குளம். வேலி அடைத்த வளவுகளுக்குள்ளே ஓட்டு வீடுகள். வட்டுக்கோட்டை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 1976-ஆம் வருஷத்துத் தனிநாட்டுத் தீர்மானம். அது நிறைவேறியது இந்தப் பக்கத்துப் பண்ணாகத்தில்தான். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னாலேயே இந்த ஊர் பெயரெடுத்த கதைதான் நான் தேடி வந்தது.

அந்தக் கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1815 அக்டோபரில் மாசசூசெட்ஸ் கரையிலிருந்து ‘டிரையாட்’ என்ற கப்பல் புறப்பட்டது. உள்ளே இளவயதுப் பாதிரியார்களும் மனைவிமார்களும். பிரிட்டனும் அமெரிக்காவும் சண்டை போட்டு ஓய்ந்த நேரம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அமெரிக்கப் பாதிரியார் என்றாலே ஆகாது. இலங்கையோ கம்பெனியிடம் இல்லை, நேராகப் பிரிட்டிஷ் மன்னர் ஆட்சியில் இருந்தது. ‘சரி, வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போங்கள்’ என்று இடம் கொடுத்தார்கள். கிடைத்த இடம் தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும். போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர்கள் திருப்பிக் கட்டி, பிறகு யாரும் சீண்டாமல் கிடந்த பழைய தேவாலயம்தான் வட்டுக்கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்த சொத்து.

1823-இல் அங்கே ஒரு காலேஜுக்குத் திட்டம் போட்டார்கள். இங்கிலீஷ், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் உண்டு. ஆனால் ‘காலேஜ்’ என்று பெயர் வைக்கப் பிரிட்டிஷ் கவர்ன்மென்ட் ஒப்பவில்லை. இந்த அமெரிக்கர்கள் மேல் அவ்வளவு சந்தேகம்! 1820-இல் அச்சு வேலைக்கென்று காரெட் என்ற ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்க, ‘உனக்கு இங்கே வேலையில்லை’ என்று நாட்டைவிட்டே அனுப்பியவர்கள் ஆயிற்றே! எனவே பெயர் ‘செமினரி’ என்று ஆயிற்று. பெயர்தான் செமினரி. பாடமெல்லாம் காலேஜ் பாடம்.

முதல் பிரின்ஸிபால் டேனியல் பூர். பெயர்தான் பூர், ஆள் படு கெட்டி. மனிதர் தமிழ் படித்துத் தமிழிலேயே பேசினார்.

பையன்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆரம்பகால விடுதிகளில் ‘மிஷன் வளவுக்குள் சமைத்த சோறு எங்கள் பிள்ளைக்கு ஆகாது’ என்று பெற்றோர் மறுத்தார்கள். பாதிரியார்கள் சளைக்கவில்லை. பக்கத்துச் சைவர் காணியில் தனியாகச் சமையற்கூடம் போட்டார்கள். படிப்பு கிறிஸ்தவ வளவில், சாப்பாடு சைவ வளவில்! வேலிக்கு இரண்டு பக்கமும் கௌரவம் காப்பாற்றப்பட்டது.

செலவுக்குப் பணம்? அங்கேதான் அமெரிக்க மூளை. ஒரு பையனின் படிப்புச் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றுக்கொண்டால் அவர் சொல்லும் பெயரைப் பையனுக்குச் சூட்டுவது. நம்மூர்க் கோயில் ட்யூப் லைட்டில் ‘உபயம்: இன்னார்’ என்று வெளிச்சம் மறைகிற அளவுக்கு எழுதுவோமே, அதே முறைதான். ட்யூப் லைட்டுக்குப் பதில் பையன்கள்! 1841-இல் ‘உதயதாரகை’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். தமிழ்ப் பத்திரிகை உலகத்தின் முன்னோடிகளில் ஒன்று. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். ஏதோ வெள்ளைக்காரத் துரைகள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரும் செமினரியில் படித்த, பனங்கிழங்கு சாப்பிட்டு வளர்ந்த, சுத்தமான யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்!

1829-இல் நடந்த சந்திர கிரகணக் கதையும் சுவாரஸ்யமானது. வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊரான அராலியில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இருந்தார்கள். அந்த வருஷப் பஞ்சாங்கம் சொன்ன கிரகண நேரத்தையும் தன் கணக்கையும் பூர் ஒப்பிட்டுப் பார்த்தார். சில நிமிஷம் இடித்தது. ‘எது சரி என்று அன்றைக்கு ராத்திரி பார்த்துவிடலாம்’ என்று ஊரறியச் சொல்லிவிட்டார். கிரிக்கெட் மேட்ச் மாதிரி எதிர்பார்ப்பு. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். சந்திரன் பூர் பக்கம் சாய்ந்தது.

அதனால் ஊரே மதம் மாறிவிட்டதா? அதுதான் இல்லை. ‘கணக்கு உன்னுடையது சரி, கடவுள் எங்களுடையவர்தான் சரி’ என்று கணக்கை மட்டும் கற்றுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் பஞ்சாங்கம் இல்லாத சைவ வீட்டைப் பார்ப்பது அபூர்வம். செமினரியின் முழுக் கதையும் இந்த ஒரு ராத்திரிக்குள் அடக்கம்.

படிப்பின் தரத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இலங்கையின் காலனி செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், இந்தச் செமினரியை ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு சேர்த்து நிறுத்தலாம் என்ற அர்த்தத்தில் 1850-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். இப்படி ஒரு சர்ட்டிபிகேட் நம்மூர்க் காலேஜ் ஒன்றுக்குக் கிடைத்திருந்தால் காம்பவுண்டுச் சுவர் முழுக்கப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

ஆனால் போஸ்டனில் இருந்த தலைமை ஆபீஸில் முகம் சுளித்தார்கள். அவர்கள் பணம் போட்டது உள்ளூர்ப் போதகர்களை உண்டாக்க. உண்டானவர்களோ குமாஸ்தாக்கள்! இங்கிலீஷ் படித்த பையன் சர்டிபிகேட்டை வாங்கினான். நேரே கச்சேரிக்கும் கவர்ன்மென்ட் ஆபீஸுக்கும் வேலைக்குப் போனான். சம்பளம் அங்கேதான் அதிகம். போதகர் வேலைக்கு ஆள் இல்லை.

செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் கப்பலேறி வந்தார். பார்த்தார். 1855-இல் செமினரியை மூடினார்கள். அதே வருஷம் டேனியல் பூரும் மானிப்பாயில் காலராவில் இறந்துபோனார். காலேஜுக்கும் அதைக் கட்டியவருக்கும் ஒரே வருஷத்தில் முடிவு.

ஆண்டர்சனை வில்லனாக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர் சொன்னதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்: ‘இங்கிலீஷில் படித்தவன் தன் ஜனங்களைவிட்டு விலகிப் போகிறான். தாய்மொழியில் சொல்லிக் கொடுங்கள்.’ இதை இன்றைக்கு மேடையில் ஒருவர் பேசினால் கைதட்டமாட்டோமா? கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் அப்ளிகேஷன் வாங்க விடியற்காலை வரிசையில் நிற்போம். அது வேறு விஷயம்! யாழ்ப்பாணத்துக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். அமெரிக்கர் ‘தமிழில் படி’ என்கிறார். தமிழர் ‘முடியாது, இங்கிலீஷ் வேண்டும்’ என்கிறார். இந்த வழக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஆண்டர்சன் சொன்ன வழியிலும் ஒரு பெரிய காரியம் நடந்தது. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழில் நடத்தினார். உடற்கூறு, ரண வைத்தியம், ரசாயனம் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கும் அதிகமான உள்ளூர் டாக்டர்களைப் பழக்கினார். ‘தமிழில் விஞ்ஞானம் வருமா?’ என்று கேட்பவர்கள் மானிப்பாய்க்கு ஒரு நடை போய்வரலாம்.

ஆகவே ஆண்டர்சன் சொன்னது முழுத் தப்பு இல்லை. அவர் பார்க்காமல் விட்டது ஒன்றுதான்: காலேஜை நடத்துபவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும், படிக்க வருபவனுக்கு வேறொரு நோக்கம் இருக்கும். லெட்ஜரில் இரண்டாவதற்கு அவர் பத்தியே போடவில்லை.

* * *

அந்தப் பத்தியை நாம் போட்டுப் பார்ப்போம்.

தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைப் படிப்பு முடிந்து, கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. பிறகு சென்னையில் ‘தினவர்த்தமானி’ பத்திரிகை. பி.ஏ. தேறியதும் கள்ளிக்கோட்டையில் உத்தியோகம். அப்புறம் சென்னையில் கவர்ன்மென்ட் கணக்கு ஆபீஸ். ஆமாம் சார், அக்கவுன்ட்ஸ்! நம்ம ஜாதி! பிறகு பி.எல். படித்துக் கும்பகோணத்தில் வக்கீல், புதுக்கோட்டையில் நீதிபதி.

இப்படி ஆபீஸ், கோர்ட் என்று அலைந்துகொண்டே அந்த மனிதர் இன்னொரு வேலையும் செய்தார். செல்லரித்த ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அச்சில் ஏற்றினார். 1881-இல் வீரசோழியம். 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887-இல் கலித்தொகை. 1889-இல் சூளாமணி. உ.வே.சாமிநாதையருக்குக் கொஞ்சம் முன்னாலேயே இந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தவர். இவர் அன்றைக்குக் கை வைக்காமல் இருந்திருந்தால் இவற்றில் எது மிஞ்சியிருக்கும், எது கரையானுக்குப் போயிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இதில் இன்னொரு தமாஷ். முதல் பட்டதாரிகள் இரண்டு பேருமே பின்னாளில் சைவத்துக்குத் திரும்பிவிட்டார்கள். போஸ்டன் கணக்கில் இரண்டு பேரும் வாராக்கடன்!

மேலே பாருங்கள். 1862-இல் சென்னையில் வெளியான வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி, 67,000 சொற்களுக்கு மேல். அதற்கான சொல் சேகரிப்பு யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்ததுதான். மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் 1834-இல் வேர்விட்டதும் இங்கிருந்து போனவர்களால்தான். பூரே சில வருஷம் மதுரையில் வேலை பார்த்தார். அந்த மரத்தில் பிறகு காய்த்ததுதான் அமெரிக்கன் கல்லூரி. பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜான் ஸ்கடரின் பேத்திதான் வேலூர் மருத்துவக் கல்லூரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர். எதிர்ப்பக்கத்துக்கும் வரவு உண்டு. மிஷன் பள்ளிகளுக்குப் பதிலடியாக ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். போட்டி என்று வந்தால் ஊரில் இரண்டு பள்ளிக்கூடம் வரும்.

கணக்கென்றால் பற்றையும் எழுத வேண்டும். செமினரியில் படித்தவர்கள் பெரும்பாலும் வேளாளர் வீட்டுப் பையன்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் அநேகமாக எட்டாத வாசல். சமையற்கூடத்தை வேலி தாண்டி வைக்க முடிந்த பாதிரியார்களுக்கு அந்த வேலியைப் பிடுங்க முடியவில்லை. இங்கிலீஷால் ஏறியவர்கள் ஏற, ஏணிக்குக் கீழே நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். இதை விட்டுவிட்டு வரவை மட்டும் வாசித்தால் அது ஆடிட் ஆகாது.

* * *

மூடியதோடு கதை முடிந்திருந்தால் நான் வட்டுக்கோட்டையில் இறங்கியிருக்கவே வேண்டாம். மூடியவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். படித்தவர்கள் ஊரிலேயே இருந்தார்களே! பழைய செமினரிக்காரர்கள் தாங்களே இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார்கள். ‘எங்களுக்குக் காலேஜ் வேண்டும்’ என்று விடாமல் கேட்டார்கள். பணமும் திரட்டினார்கள். 1872 ஜூலையில் அதே வட்டுக்கோட்டையில் ‘யாழ்ப்பாணக் கல்லூரி’ பிறந்தது. முதல் தடவை அமெரிக்கர்கள் தாங்களாகக் கொடுத்தது. இரண்டாவது தடவை ஊர் கேட்டு வாங்கியது.

வாசலில் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கி உள்ளே போனேன். கல்லூரி என்றதும் மோட்டார் பைக், கூலிங் கிளாஸ் என்று கற்பனை செய்யாதீர்கள். இலங்கையில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்று பெயர் உண்டு. இப்போது இது பள்ளிக்கூடம்தான். வெள்ளைச் சட்டை, நீல அரை டிராயரோடு ஒரு பொடியன் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு என்னைக் கடந்து ஓடினான். ஒரு காலத்தில் இங்கே லண்டன் பல்கலைக்கழகப் பட்டப் பரீட்சைக்கும் படித்தார்கள். 1974-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் விஞ்ஞான வகுப்புகளுக்கு முதலில் இடம் கொடுத்தது இந்த வட்டுக்கோட்டைதான்.

பெரிய மரங்கள், மைதானம், பூர் பெயரில் நூலகம், செமினரிக்குக் கைகொடுத்த நீதிபதி ஒட்லியின் பெயரில் மண்டபம். பத்துப்பாட்டை இங்கிலீஷில் கொண்டுவந்த ஜே.வி. செல்லையா இங்கே வாத்தியார். 1920-களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைத் தொடங்கிய ஹண்டி பேரின்பநாயகமும் இங்கே வாத்தியார். 1927-இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும், ‘பூரண சுயராஜ்யம் இல்லாத தேர்தல் எங்களுக்கு வேண்டாம்’ என்று 1931-இல் பகிஷ்கரித்ததும் அந்தக் கோஷ்டிதான். குமாஸ்தா தயாரிக்கும் பட்டறை என்று பெயர் வாங்கிய இடத்திலிருந்து!

1960-களின் தொடக்கத்தில் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது இது தனியாகவே நின்றது. பிறகு யுத்தம். 1995-இல் இந்த வலிகாமப் பகுதியே மூட்டை முடிச்சோடு ஒரே ராத்திரியில் கிளம்பியது. போனவர்களில் ஒரு பகுதி திரும்பி வந்தது. பள்ளிக்கூடமும் மணியடித்தது.

வெளியே ஒரு சின்னத் தேநீர்க் கடை. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற ஆசிரியராம். நான் இந்தியாவிலிருந்து வந்திருப்பது தெரிந்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“எங்கட அப்பப்பா இங்கதான் படிச்சவர். மலாயாவில ரெயில்வேக் கிளாக்கர். அந்தக் காசிலதான் வீடு கட்டினது, மூண்டு குமர் கரை சேர்ந்தது” என்றார்.

“அமெரிக்கர்கள் இதைத்தான் தோல்வி என்று சொன்னார்கள், ஐயா” என்றேன்.

பெரியவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். “தம்பி, அவையள் விதைச்சது நெல்லு. இந்த மண்ணில விளைஞ்சது பனை. நெல்லு வரேல்லை எண்டு அவையள் அழுதினம். நாங்கள் பனங்காய் பொறுக்கினம்.”

இதற்கு மேல் வரலாற்று ஆராய்ச்சி என்ன இருக்கிறது!

நம்மில் பலரும் கேட்டு வளர்ந்த வசனம் ஒன்று உண்டு. ‘வெள்ளைக்காரன் குமாஸ்தா தயார் பண்ணக் கொண்டுவந்த படிப்புடா இது!’ பி.காம்., பி.ஏ. படித்த யாரும் இதற்குத் தப்பியிருக்க முடியாது. சொல்பவரும் அநேகமாக ஓர் ஆபீஸ்காரராகத்தான் இருப்பார். சரி, குமாஸ்தாப் படிப்புதான். ஆனால் ஒரு படிப்பு எதற்காக என்பதைக் கொடுத்தவன் பாதிதான் முடிவு செய்கிறான். மீதியை முடிவு செய்வது, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டபிறகு நாம் என்ன செய்கிறோம் என்பது.

சென்னைக் கணக்கு ஆபீஸில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் பேரேட்டை மூடிவைத்தபின் வீட்டுக்குப் போய் ஏட்டுச் சுவடியைத் திறந்தார். நமக்குச் சுவடி வேண்டாம். டி.வி.யை அணைத்துவிட்டு ஏதாவது ஒன்றைத் திறந்தால் போதும்.